சாகாத தேனீயைத்தான் ஆராய வேண்டும்

கேள்வி: கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் நான். இங்கேயே எம்.எஸ்சி. விலங்கியல் இறுதியாண்டு படிக்கிறேன். போன குளிர்காலத்தில் வகுப்போடு நதியா மாவட்டத்துக்குக் களப்பயணம் போயிருந்தோம். கடுகு வயல் ஓரத்தில் தேனீப் பெட்டிகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். இரண்டு வயல் தள்ளி ஒருவர் முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். பெட்டிக்காரரிடம் கேட்டால், "செத்தது போக மிச்சம்தான் எனக்கு" என்கிறார். பூச்சிமருந்து தேனீயை என்ன செய்கிறது என்பதையே பிஎச்.டி.க்கு எடுக்க வேண்டும் என்று அன்றிலிருந்து ஆசை. அதற்கெல்லாம் அமெரிக்கா போக வேண்டும் என்கிறார்கள் சீனியர்கள். பேசாமல் பி.எட். முடித்து டீச்சர் வேலைக்குப் போ என்கிறார் அப்பா. அம்மாவுக்கோ தேனீ கொட்டிவிடுமே என்று பயம். எனக்கு வழி சொல்லுங்கள் ஐயா.
- ஒரு வாசகி, கொல்கத்தா-29

பதில்: அமெரிக்கா போக வேண்டியதில்லை. கரியாஹாட் வழியாக பாலிகஞ்ச் சர்க்குலர் ரோடு வரைக்கும் போனால் போதும். கல்கத்தா பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறை அங்கேதான் இருக்கிறது. மகரந்தச் சேர்க்கை ஆய்வுக்கென்றே ஒரு மையத்தை வளர்த்த துறை அது. பார்த்திப பாசுவின் குழு அங்கிருந்து 2015-இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை நீங்கள் முதலில் படிக்க வேண்டும். இரண்டிலும் முதல் ஆசிரியர் பிரியதர்ஷினி சக்ரவர்த்தி. அவர் கல்கத்தாவில் பிஎச்.டி. முடித்து, அதன் பிறகே ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் அங்கிருந்து மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பணிக்கும் போனார். சீனியர்களுக்கு இந்த ஒரு உதாரணமே பதில்.

அந்தக் கட்டுரைகளில் ஒன்று 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வந்தது. நம் ஊர் இந்தியத் தேனீயை, அதாவது தமிழ்நாட்டில் அடுக்குத் தேனீ என்கிறோமே, அதை எடுத்துக்கொண்டார்கள். மருந்து அதிகம் அடிக்கும் பகுதியிலிருந்தும், மருந்தே இல்லாத அல்லது குறைவான பகுதியிலிருந்தும் தேனீக்களைப் பிடித்து ஒப்பிட்டார்கள். மருந்துப் பகுதித் தேனீக்களுக்கு வாசனை அறியும் திறன் மங்கியிருந்தது. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது உணர்கொம்பிலுள்ள நுண்ணிய உணர்மயிர்கள் மாறிப்போயிருந்தன. மூளையில் கட்டற்ற கால்சியம் அயனிகளின் அளவும் குறைந்திருந்தது. ஆய்வகத்தில் மருந்து கொடுத்துச் சோதித்தபோதும் முடிவுகள் இதையே காட்டின. 'அபிடாலஜி' இதழில் வந்த மற்றொரு கட்டுரை, கிழக்கிந்தியாவின் இரு மாநிலங்களில் தீவிர விவசாயம் நடக்கும் பகுதிகளின் தேனீக்களில் மருந்து உண்டாக்கும் ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தை அளந்தது.

ஒன்றைக் கவனித்தீர்களா? இந்த ஆய்வுகளில் அளக்கப்பட்டவை செத்த தேனீக்கள் அல்ல. எல்லாம் பறந்துகொண்டிருந்தவை. நீங்கள் பார்த்த பெட்டிக்காரரின் கணக்கு செத்ததோடு முடிந்துவிடுகிறது. ஆராய்ச்சி அவர் சொன்ன அந்த மிச்சத்தில்தான் தொடங்குகிறது. கூட்டுக்குத் திரும்பத் தெரியாத தேனீ, பூவின் வாசனையை மறந்த தேனீ, கொண்டுவந்த மகரந்தத்தில் நஞ்சைக் கலந்து குஞ்சுக்கு ஊட்டும் தேனீ என்று எல்லாம் அந்த மிச்சத்தில் அடக்கம்.

வாசனை அறியும் திறனை எப்படி அளப்பது? தேனீயைச் சில நிமிடம் பனிக்கட்டியில் வைத்தால் மயங்கும். நுனி வெட்டிய சின்ன பிளாஸ்டிக் குழாயில் அதைச் செருகி, தலை மட்டும் வெளியே தெரியும்படி மெல்லிய டேப்பால் கட்டுவார்கள். மயக்கம் தெளிந்து சில மணி நேரம் பசியோடு இருந்த பிறகு, பல்குச்சியில் சர்க்கரைப் பாகைத் தொட்டு உணர்கொம்பில் வைத்தால் நாக்கை நீட்டும். அது அனிச்சைச் செயல். அடுத்து, ஒரு வாசனையைக் காற்றில் விட்டு உடனே பாகைக் கொடுக்க வேண்டும். சில தடவைக்குப் பிறகு வாசனை வந்தாலே, பாகு இல்லாமலே, நல்ல தேனீ நாக்கை நீட்டிவிடும். மருந்து தின்ற தேனீ பாகைத் தொட்டால் நீட்டும். வாசனைக்கு நீட்டாது, அல்லது மறுநாளே மறந்துவிடும். இதற்குக் கோடி ரூபாய் கருவி தேவையில்லை. பொறுமையும், கை நடுங்காமையும், நாக்கு நீண்டதா இல்லையா என்று நேர்மையாகக் குறித்துக்கொள்ளும் பழக்கமும் இருந்தால் போதும். எந்தக் குழாயில் மருந்துத் தேனீ இருக்கிறது என்பது குறிப்பவருக்குத் தெரியவே கூடாது. இதை இப்போதே மனதில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் பல கட்டுரைகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

அரசாங்கங்கள் மருந்துக்கு அனுமதி தரும்போது பார்ப்பது வேறு அளவு. பெரும்பாலும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1998-இல் வகுத்த சோதனை முறைதான். ஒரு கூண்டில் பத்து தேனீக்கள், இருட்டு, ஏறக்குறைய 25 டிகிரி வெப்பம், சர்க்கரைப் பாகில் கலந்த மருந்து. 48 மணி நேரத்தில் பாதித் தேனீக்கள் சாகும் அளவு எது என்று பார்க்கிறார்கள். இமிடாகுளோப்ரிட் போன்ற நியோநிகோட்டினாய்டு மருந்துகளுக்கு அது ஒரு தேனீக்குச் சில நானோகிராம் என்ற அளவில் வருகிறது. ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோகிராம். அதற்கும் வெகு குறைவாகத் தின்ற தேனீ பெரும்பாலும் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் சாகாது. அதனால் அது நலமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. 2012-இல் 'சயின்ஸ்' இதழில் ஒன்றாக வெளிவந்த இரண்டு கட்டுரைகளும் இதைத்தான் சொன்னன. பிரான்சில் தயாமெத்தாக்ஸாம் கொடுத்த தேனீக்களின் முதுகில் நுண்சில்லு ஒட்டிப் பறக்கவிட்டார்கள். பல கூடு திரும்பவில்லை. பிரிட்டனில் வயலில் கிடைக்கும் அளவே இமிடாகுளோப்ரிட் உண்ட பம்பிள் தேனீக் கூடுகளில் புதிய ராணிகள் 85 சதவீதம் குறைவாகப் பிறந்தன. அடுத்த ஆண்டே ஐரோப்பிய ஒன்றியம் இமிடாகுளோப்ரிட், குளோதியானிடின், தயாமெத்தாக்ஸாம் மூன்றுக்கும் கட்டுப்பாடு போட்டது; 2018-இல் திறந்தவெளியில் பயன்படுத்துவதையே தடை செய்தது. இமிடாகுளோப்ரிட் 17.8 எஸ்.எல். என்ற பாட்டிலோ நதியாவின் உரக்கடைகளில் இன்றும் சாதாரணமாகக் கிடைக்கும். கடுகில் அசுவினி பெருகும் டிசம்பர், ஜனவரிதான் கடுகு பூக்கும் காலமும் என்பதால், அதே வாரங்களில் தேனீயும் மருந்தும் ஒரே வயலில் சந்திக்கின்றன.

கொல்கத்தாவில் இருப்பது உங்களுக்கு அதிர்ஷ்டம் என்பேன். மேலே சொன்ன சோதனை முறைகள் எல்லாம் இத்தாலியத் தேனீயை வைத்து எழுதப்பட்டவை. நம் நாட்டில் இந்தியத் தேனீ, மலைத்தேனீ, கொம்புத்தேனீ, கொடுக்கில்லாத கொசுத்தேனீ என்று எத்தனை வகை! உடல் அளவு வேறு, கூடு கட்டும் விதம் வேறு. இத்தாலியத் தேனீக்குப் பாதுகாப்பானது என்று எழுதிய அளவு கொசுத்தேனீக்குப் பொருந்துமா என்பது திறந்து கிடக்கும் கேள்வி. மலைத்தேனீயைப் பெட்டியில் வளர்க்க முடியாது. திறந்த வெளியில் ஒற்றை அடை தொங்கும். பருவத்துக்கு இடம் மாறிவிடும். அதனால் அதைப் பற்றிய ஆய்வகத் தரவு குறைவு. சுந்தரவனத்தில் தேன் எடுக்கப் போகும் மௌவால்களின் பிழைப்பு அந்தத் தேனீயை நம்பித்தான் ஓடுகிறது.

இன்னொன்று, தேனீ என்றாலே தேன் கொடுப்பது என்று நினைக்கும் பழக்கத்தை விடுங்கள். மேற்கு வங்கத்தில் கத்தரி வயல்களில் காய்த்துளைப்பானுக்காக அடிக்கும் மருந்துக்குக் கணக்கே இல்லை. கத்தரிப்பூவின் மகரந்தப் பை நுனியில் சின்ன துளை மட்டுமே இருக்கும்; உடலை அதிர வைத்து மகரந்தத்தை உதிர்க்கும் தேனீதான் அதற்கு வேண்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. தச்சுத்தேனீக்கும் நீலப்பட்டைத் தேனீக்கும் தெரியும். அவை தனியாக வாழ்பவை. தச்சுத்தேனீ மூங்கிலிலும் காய்ந்த மரத்திலும் குடையும், நீலப்பட்டைத் தேனீ மண்ணில் வளை தோண்டும். மண்ணில் தங்கும் மருந்து மண்ணுக்குள் வளரும் புழுவை என்ன செய்கிறது என்று யாராவது நம் ஊரில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எனக்கு வயது திரும்பினால் அதைத்தான் எடுப்பேன்.

தலைப்பைப் பெரிதாக வைத்துக்கொண்டு யாரிடமும் போகாதீர்கள். "இந்தியத் தேனீக்களில் பூச்சிக்கொல்லியின் தாக்கம்" என்று எழுதிக்கொண்டு போனால் எந்தக் கைடும் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவார். ஒரு தேனீ, ஒரு பயிர், ஒரு மருந்து அல்லது விவசாயிகள் உண்மையிலேயே ஒன்றாகக் கலக்கும் இரண்டு மருந்து, ஒரு அளவீடு என்று ஆரம்பியுங்கள். அந்தக் கலவை என்ன என்று தெரிந்துகொள்ள வயலில் நின்று பேச வேண்டும். பாட்டிலில் எழுதிய அளவும் டேங்கில் ஊற்றும் அளவும் ஒன்றாக இருப்பது அபூர்வம். உங்களுக்கு வங்காளம் தாய்மொழிபோல் வரும். வெளியூரிலிருந்து வரும் ஆய்வாளருக்கு இல்லாத வசதி அது.

தேனீ பலவீனமாக இருந்தால் காரணம் மருந்துதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தென்னிந்தியாவில் 1991 வாக்கில் தொடங்கி இந்தியத் தேனீப் பெட்டிகள் கூட்டம் கூட்டமாக அழிந்தது தாய் சாக்புரூட் என்ற வைரஸால். கன்னியாகுமரி மாவட்டத்துத் தேனீ வளர்ப்பவர்களைக் கேட்டால் இன்றும் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்தும் கொல்லும்: குளோதியானிடின் தேனீயின் நோய் எதிர்ப்பைக் குறைத்து, சிறகை முடக்கும் வைரஸ் பெருக வழி செய்கிறது என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். நகரத்துக் காற்றும் ஒரு காரணம். பெங்களூரில் மலைத்தேனீக்களை வைத்து கீதா திம்மேகௌடா, ஷானன் ஓல்சன் குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வு, மாசு அதிகமான இடத்துத் தேனீக்களின் ஆயுளும் இதயத் துடிப்பும் பாதிக்கப்பட்டதைக் காட்டியது. கொல்கத்தா காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மருந்து, வைரஸ், ஒட்டுண்ணி, காற்று, பசி இத்தனையையும் பிரித்துப் பார்க்கும்படி ஆய்வை அமைக்க வேண்டும்.

பிரிப்பதற்குப் புள்ளியியல் வேண்டும். ஒரே கூட்டிலிருந்து நூறு தேனீயைப் பிடித்துவிட்டு நூறு மாதிரி என்று கணக்கு எழுதுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. அவை அக்கா தங்கைகள். கூடுதான் உங்கள் மாதிரி. இருபது கூட்டிலிருந்து ஐந்தைந்து பிடித்தால் அந்த நூறுக்கு மதிப்பு உண்டு. மகலனோபிஸ் 1931-இல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பரானகரில் இருக்க, அதே ஊரில் இருந்துகொண்டு இதைக் கற்காமல் விட்டால் மன்னிக்க முடியாது. ஆர் மென்பொருளை எம்.எஸ்சி. முடிப்பதற்குள் கற்றுவிடுங்கள்.

பணம், நுழைவு விவகாரத்துக்கு வருவோம். சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. நெட் தேர்வில் உயிர் அறிவியலில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் கைடு உங்களைத் தேடுவார். 2023 ஜனவரி முதல் அந்த உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. உயிரித் தொழில்நுட்பத் துறையின் பி.இ.டி. தேர்வையும் எழுதி வையுங்கள். முதல் முயற்சியில் வராவிட்டால் சோர வேண்டாம். ஒரு ஆய்வுத் திட்டத்தில் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட் வேலைக்குச் சேர்ந்து களத்துக்குப் போங்கள். ஒரு கடுகுப் பருவம் முழுக்கப் பெட்டிகளோடு இருந்த பிறகு நேர்முகத் தேர்வில் நீங்கள் பேசும் பேச்சே வேறாக இருக்கும். கைடைச் சந்திக்கும்போது மருந்து எச்சத்தை எங்கே அளப்பீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். தேனிலும் மகரந்தத்திலும் நானோகிராம் அளவில் மருந்தைக் கண்டுபிடிக்கும் நிறமாலைக் கருவி விலை உயர்ந்தது. வெளியே அனுப்பினால் ஒவ்வொரு மாதிரிக்கும் பணம் கட்ட வேண்டும். அதற்கு நிதி இல்லாத ஆய்வகத்தில் சேர்ந்து மூன்றாம் ஆண்டில் உட்கார்ந்து அழுத மாணவர்களை எனக்குத் தெரியும்.

பாலிகஞ்சில் இடம் கிடைக்காவிட்டால் மோகன்பூரில் ஐசர் கொல்கத்தா இருக்கிறது. பக்கத்திலேயே பிதான் சந்திர வேளாண் பல்கலைக்கழகமும் இருக்கிறது. ஆனால் அங்கும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் பூச்சியியல் பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் விவசாயப் பட்டம் கேட்பார்கள். விலங்கியல் படித்தவர் விண்ணப்பக் கட்டணம் கட்டுமுன் தகுதியைப் படித்துப் பாருங்கள். தேனீயின் நடத்தையும் மூளையும்தான் உங்களை இழுக்கிறது என்றால் பெங்களூரின் என்.சி.பி.எஸ்.ஸில் ஆக்ஸெல் புரொக்மன் குழு செய்த வேலைகளையும், திருவனந்தபுரம் ஐசரில் ஹேமா சோமநாதன் குழுவின் வேலைகளையும் பாருங்கள். நியூ அலிப்பூரில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தலைமையகம் இருக்கிறது. தனித்தேனீக்களை இனம் பிரித்துச் சொல்ல அங்கேதான் போக வேண்டிவரும்.

வெளிநாட்டுக்கு எழுதுவதில் தப்பில்லை. அமெரிக்காவில் பெரும்பாலான பூச்சியியல் துறைகளில் பேராசிரியர் நிதி வைத்திருந்தால்தான் மாணவருக்கு இடம். அதனால் விண்ணப்பத்துக்கு முன்பே அவருக்குக் கடிதம் எழுத வேண்டும். நாற்பது பேருக்கு ஒரே கடிதம் அனுப்புவது வீண். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உங்களுக்குப் புரியாத ஒன்றைக் கேட்டு, வங்கத்துத் தேனீயில் அதை எப்படிப் பார்க்கலாம் என்று நான்கு வரி எழுதினால் பதில் வரும். இங்கிருந்து மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் 2002-இன் பல்லுயிர்ச் சட்டப்படி தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும்; சுந்தரவனத்துக்குள் பிடிக்க வனத்துறை அனுமதி. இதற்கெல்லாம் மாதங்கள் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மருந்துக் கம்பெனி தரும் பணத்தில் ஆய்வு செய்யலாமா என்று பின்னால் உங்களுக்குக் கேள்வி வரும். 2017-இல் பிரிட்டன், ஜெர்மனி, ஹங்கேரி மூன்று நாட்டு வயல்களில் நடந்த பெரிய ஆய்வுக்குப் பணத்தில் ஒரு பங்கு பேயர், சின்ஜெண்டா கம்பெனிகளுடையது. ஆனாலும் பிரிட்டனிலும் ஹங்கேரியிலும் தேனீக்களுக்குத் தீங்கு தெரிந்ததையும், ஜெர்மனியில் அப்படித் தெரியாததையும் ஆய்வாளர்கள் இரண்டையுமே வெளியிட்டார்கள். பணம் யாருடையது என்பதைவிட, முடிவு பிடிக்காவிட்டாலும் வெளியிடும் உரிமை உங்களிடம் எழுத்தில் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்பாவிடம் சண்டை போட வேண்டாம். போஸ் நிறுவனத்தில் இருந்த கோபால் சந்திர பட்டாச்சார்யா கிராமத்துப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். முறையான பட்டம் இல்லாமலே எறும்புகளையும் சிலந்திகளையும் பார்த்து வாழ்நாளைக் கழித்து, வங்காளத்தின் பூச்சிகளைப் பற்றி வங்காளத்திலேயே எழுதிய புத்தகத்துக்கு ரவீந்திர புரஸ்கார் வாங்கினார். டீச்சர் வேலையும் பூச்சி ஆராய்ச்சியும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை என்று அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். பிஎச்.டி. முடித்தவர்களுக்குக் கல்லூரி தவிர மருந்துப் பதிவுக்காகச் சோதனை நடத்தும் ஆய்வகங்களிலும் வேலை உண்டு. சென்னையை அடுத்த படப்பையில் அப்படி ஒரு நிறுவனம் பல ஆண்டுகளாக இருக்கிறது.

அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. கொட்டும், பல தடவை கொட்டும். கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் பெரிதுபடுத்த வேண்டாம். நகத்தால் சுரண்டிக் கொடுக்கை உடனே எடுத்துவிட வேண்டும். உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்தால் அது வேறு; தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதற்குப் பிறகு டாக்டரைக் கேட்காமல் களத்துக்குப் போகக் கூடாது. சேருமுன் ஒரு ஒவ்வாமை நிபுணரைப் பார்த்துவிடுங்கள். களத்தில் வெளிர்நிற முழுக்கைச் சட்டை, வலைத்தொப்பி, கூட ஒரு ஆள் கட்டாயம். மலைத்தேனீ அடையிடம் தனியாகப் போகவே போகாதீர்கள்.

கடுகு நவம்பருக்குள் விதைத்துவிடுவார்கள். இந்தப் பருவத்தில் களம் பார்க்க வேண்டுமென்றால் பூஜை விடுமுறைக்கு முன்பே பாலிகஞ்சுக்கு எழுதிவிடுங்கள். விடுமுறையில் யாரும் பதில் போட மாட்டார்கள்.